சோறு இருக்கிறது, பசியும் இருக்கிறது

சோறு இல்லாமல் வரும் பட்டினியை நமக்குத் தெரியும். மழை பொய்த்த ஆண்டில் கஞ்சிக்கும் வழியில்லாமல் கிடந்த கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம்.

இன்னொரு பட்டினியும் உண்டு. அடுப்பில் சோறு இருக்கிறது. சட்டியில் குழம்பு இருக்கிறது. அம்மா தட்டில் போட்டு முன்னால் வைக்கிறாள். மகள் சாப்பிட மாட்டேன் என்கிறாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்கில் இப்படி நடக்கிறது. உடம்பு துரும்பாக இளைக்கிறது. கேட்டால், "எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்கிறாள்.

இது ஒரு நோய். மருத்துவர்கள் இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாயில் எளிதில் நுழையாத பெயர். மனம் காரணமாக வரும் பசியின்மை என்று தமிழில் சொல்லலாம்.

ஆனால் இந்தப் பெயரே பொருத்தமாக இல்லை. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பசி இருக்கிறது. நன்றாகவே பசிக்கிறது. அந்தப் பசியை அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறார்கள். ஏன் அடக்குகிறார்கள்? அதுதான் இந்த நோயின் புதிர்.

வீட்டார் கண்ணில் படுவது

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். படிப்பில் கெட்டிக்காரி. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவள். முதலில் இனிப்பை விடுகிறாள். "பரவாயில்லை, கட்டுப்பாடான பெண்" என்று வீட்டில் பாராட்டுகிறார்கள். பிறகு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்கிறாள். பிறகு சோறு குறைகிறது. "பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டேன்" என்கிறாள். "வயிறு சரியில்லை" என்கிறாள்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. சாப்பிடாத அந்தப் பெண்தான் அடுப்படியில் அதிக நேரம் நிற்கிறாள். தம்பிக்குத் தோசை சுட்டுப் போடுகிறாள். "இன்னொன்று சாப்பிடு" என்று கட்டாயப்படுத்துகிறாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

சித்திரை வெயிலிலும் குளிர்கிறது என்கிறாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. கையிலும் முதுகிலும் பூனைமுடி போல மெல்லிய ரோமம் முளைக்கிறது. மாதவிலக்கு நின்றுவிடுகிறது.

ஊரார் சும்மா இருப்பார்களா? காற்று கருப்பு அடித்துவிட்டது என்பார்கள். யாரையோ மனதில் வைத்துக்கொண்டு அடம் பிடிக்கிறாள் என்பார்கள். கொழுப்பு, இரண்டு அறை விட்டால் சரியாகும் என்பார்கள். டி.பி.யாக இருக்கும் என்றும் ஒருவர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உடம்பு காரணமில்லாமல் இளைத்தால் காசநோய், சர்க்கரை நோய், தைராய்டு நோய் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் இளைப்பு நிற்கவில்லையா? அப்போது மனத்தின் பக்கம் பார்க்க வேண்டும்.

நோய்க்கு எழுதிய கடிதங்கள்

வெளியே தெரிவது இவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது? அதை நோய் வந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்டால் அவர்கள் வாய் திறப்பதில்லை.

லண்டனில் ஜேனட் டிரெஷர் என்ற மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு வழி கண்டார்கள். சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் காகிதம் கொடுத்தார்கள். "உங்கள் நோய்க்கே இரண்டு கடிதம் எழுதுங்கள். நோயை உங்கள் தோழி என்று நினைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் எதிரி என்று நினைத்து இன்னொன்று எழுதுங்கள்" என்றார்கள். கடிதம் எழுதப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல வராதது காகிதத்தில் வந்துவிடும். அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்பதை 1999-இல் அவர்கள் வெளியிட்டார்கள்.

தோழிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் நமக்குத் திகைப்பாக இருக்கும். உயிரைக் குடிக்கிற நோய்க்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நீ என்னைக் காக்கிறாய் என்று எழுதினார்கள். உன்னால்தான் என் வாழ்க்கை என் கைக்குள் இருக்கிறது என்று எழுதினார்கள். மற்றவர்களால் முடியாத ஒன்று என்னால் முடிகிறது என்ற பெருமை சிலருக்கு. மனதில் இருந்த துக்கமும் பயமும் மரத்துப்போய்விட்டன என்ற நிம்மதி சிலருக்கு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எத்தனை காரியம் அவள் கையில் இருக்கிறது? என்ன படிப்பது, எங்கே போவது, யாருக்கு வாழ்க்கைப்படுவது, எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்யலாம். வாய்க்குள் போகும் கவளம் மட்டும் அவள் கையில் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல அவளால் முடிகிறது. முதன்முதலில் அப்படிச் சொல்லி, அதில் வெற்றியும் கிடைத்தால் ஒரு தெம்பு வருகிறது. நோய் வருவதற்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் ஏன் இனிக்கிறது என்பது இதில் புரிகிறது.

இரண்டாவது கடிதம் வேறு மாதிரி இருந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் சாப்பாட்டு நினைப்பையே கொடுத்துவிட்டாய் என்று எதிரியைத் திட்டியிருந்தார்கள். என் தோழிகளைப் பிரித்துவிட்டாய், என்னைப் பொய் சொல்ல வைத்தாய், என் உடம்பைக் கெடுத்தாய், என் வருடங்களை வீணாக்கினாய் என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு கடிதத்தையும் எழுதியது ஒரே கைதான். இரண்டுமே உண்மைதான். இதைப் புரிந்துகொள்ளாமல் "சாப்பிட்டால் சரியாகிவிடும், சாப்பிட வேண்டியதுதானே" என்று சொல்வதில் பயன் இல்லை. ஒரே தோழியை விட்டுவிடு என்று சொல்வது போல அவள் காதில் விழும்.

தலைக்குள் ஒரு அதட்டல்

நோய் வந்தவர்கள் பலர் ஒரு குரலைப் பற்றிச் சொல்கிறார்கள். காதில் கேட்கும் குரல் இல்லை. பேய் பேசுவதும் இல்லை. அது அவர்களுடைய எண்ணம்தான். ஆனாலும் யாரோ பக்கத்தில் நின்று அதட்டுவது போல இருக்கிறது. "அந்தக் கவளத்தை எடுக்காதே. எடுத்தால் நீ தோற்றாய்" என்கிறது. சொன்னபடி கேட்டால் கொஞ்ச நேரம் அமைதி. கேட்காவிட்டால் நாள் முழுக்க ஏச்சு. முதலில் தோழி போலப் பேசிய குரல் போகப் போக எசமானி ஆகிவிடுகிறது.

கண்ணாடி முன் நின்றால் பலருக்குத் தங்கள் உடம்பு பருமனாகத் தெரிகிறது. எலும்பு துருத்திக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான் தெரிகிறது. அவர்கள் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படி உணர்கிறார்கள். நாம் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அந்த உணர்வு மாறாது.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஹில்டே புரூக் என்ற மருத்துவர் 1978-இல் இந்த நோயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் தலைப்பு, தங்கக் கூண்டு என்று பொருள்படும். வசதியான வீட்டில் தான் ஒரு சிட்டுக்குருவி போல அடைபட்டிருப்பதாக ஒரு நோயாளி சொன்னதிலிருந்து வந்த தலைப்பு அது. கூண்டு தங்கத்தாலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆனால் அதிகம் வருவது வயதுக்கு வந்த இளம் பெண்களுக்குத்தான்.

"எனக்கு நோயே இல்லை"

காய்ச்சல்காரர் காய்ச்சல் போக வேண்டும் என்று விரும்புவார். பல்வலிக்காரர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளக் கூடத் தயார். இந்த நோயில் மட்டும் நோயாளியே நோயைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்.

இதை மருத்துவர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்தார்கள். 1873-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லசேக் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவரும் எழுதினார். இன்று உள்ள பெயரை வைத்தவர் கல்தான். லசேக் பார்த்த பெண்கள் தங்கள் நிலையைப் பற்றி வருந்தவே இல்லை. குணமாக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. வீட்டார் என்ன செய்தார்கள் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். அவர்களிடம் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று கெஞ்சுவது. மற்றொன்று மிரட்டுவது. இரண்டையும் செய்து களைத்துப்போனார்கள். இரண்டும் பலிக்கவில்லை. நூற்று ஐம்பது ஆண்டு கழித்தும் பல வீடுகளில் இந்த இரண்டுதான் நடக்கின்றன.

இங்கிலாந்தில் சில மருத்துவர்கள் இந்த நோய் வந்த இளம் பெண்களிடம் நீண்ட நேரம் பேசி, 2003-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களுக்கு அறிவில் குறை இல்லை. இப்படியே போனால் உயிர் போகும் என்று மருத்துவர் சொல்வது அவர்களுக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லவும் தெரிந்தது. ஆனால் அது தங்களுக்கு நடக்கும் என்று நம்ப முடியவில்லை. சிலருக்கு எடை கூடுவதைவிடச் சாவு சிறிய விஷயமாகத் தோன்றியது. இந்த நோய் என்னில் ஒரு பகுதி, இது போனால் நான் யார் என்று சிலர் கேட்டார்கள். பதில் சொல்ல எளிதான கேள்வி இல்லை அது.

பட்டினியே செய்யும் வேலை

இவ்வளவும் மனதில் தோன்றுவதுதானா? இல்லை. வயிறு காய்ந்தால் புத்தியும் மாறுகிறது.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. போர் முடிந்ததும் பட்டினியால் வாடிய மக்களுக்கு எப்படி உணவு கொடுப்பது என்று கண்டறிய வேண்டியிருந்தது. 1944-இல் சோதனை தொடங்கியது. ஆன்செல் கீஸ் என்பவர் அதை நடத்தினார். 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லாரும் உடம்பும் மனமும் திடமானவர்கள். ஏறத்தாழ ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான் கிடைத்தது.

என்ன ஆயிற்று? எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போலப் படித்தார்கள். தட்டில் இருந்ததை வெகு நேரம் அளைந்து அளைந்து சாப்பிட்டார்கள். சிடுசிடுப்பு வந்தது. சிரிப்பு போயிற்று. தனியாக ஒதுங்கினார்கள். குளிர் தாங்க முடியவில்லை. இவர்களுக்கு இந்த நோய் கிடையாது. பட்டினி மட்டும்தான்.

தம்பிக்குத் தோசை சுட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் காரியம் இப்போது புரிகிறதல்லவா? அது பட்டினி செய்யும் வேலை. சாப்பிடாததால் புத்தி இறுகுகிறது. புத்தி இறுகுவதால் சாப்பிட முடியவில்லை. செக்கு மாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடம். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் உணவு, பிறகு பேச்சு என்கிறார்கள். காய்ந்த மூளையிடம் எவ்வளவு நல்லது சொன்னாலும் ஏறாது.

நம் நாட்டில் பேசும் விதம்

ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற ஆசையால் வரும் வெளிநாட்டு நோய் இது என்று பலர் நினைக்கிறார்கள். டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்து மருத்துவர்கள் 1995-இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். ஐந்து இளம் பெண்கள் அவர்களிடம் வந்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட மறுத்தார்கள். வாந்தி எடுத்தார்கள். மிகவும் இளைத்துப்போயிருந்தார்கள். மாதவிலக்கு நின்றிருந்தது. ஆனால் குண்டாகிவிடுவோம் என்ற கவலை அவர்களிடம் காணப்படவில்லை.

நம் பெண்கள் வேறு விதமாகச் சொல்லலாம். "வயிறு கல் போல இருக்கிறது." "நெஞ்சை அடைக்கிறது." "சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது." இப்படிச் சொன்னால் வயிற்று வைத்தியர் வீட்டுக்கும் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கும் அலைந்தே மாதங்கள் ஓடிவிடும். குண்டாவேன் என்ற பயத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் இந்த நோய் என்று முன்பு மருத்துவ நூல்கள் கூறின. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நூலைத் திருத்தினார்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எடை ஏறவிடாமல் தொடர்ந்து தடுத்துக்கொண்டே இருந்தால் போதும் என்று எழுதினார்கள். மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள்.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பல மதங்களில் விரதம் உண்டு. விரதம் இருப்பது நோய் ஆகாது. ஏகாதசிக்குப் பட்டினி இருப்பவர் துவாதசி காலையில் பாரணை செய்கிறார். ரமலான் நோன்பு இருப்பவர் சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்கிறார். பீகாரில் சட் பூசை செய்பவர்கள் தண்ணீர் கூடக் குடிக்காமல் இருந்து, உதிக்கும் சூரியனுக்கு நீர் வார்த்த பின் விரதம் முடிக்கிறார்கள். விரதத்துக்கு முடிவு உண்டு. முடிக்கும்போது மகிழ்ச்சி உண்டு. பக்கத்தில் நாலு பேர் உண்டு. நோய்ப் பட்டினிக்கு முடிவு இல்லை. முடிக்க வேண்டிய நேரம் வந்தால் பயம் வருகிறது. பெரும்பாலும் தனியாகவே நடக்கிறது. வாரம் ஒரு நாள் விரதம் இரண்டு நாளாகி, நாலு நாளாகிறதா? பாரணைச் சோறும் வேண்டாம் என்கிறாளா? அப்போது கவனிக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

மனநோய்களில் அதிகமாக உயிரைக் குடிப்பவற்றில் இது ஒன்று. நாடித் துடிப்பு குறைகிறது. இதயத் தசை மெலிகிறது. எலும்பு நொய்ந்துபோகிறது. மனம் உடைந்து தற்கொலை செய்துகொள்பவர்களும் உண்டு. கேரன் கார்பென்டர் என்ற அமெரிக்கப் பாடகி உலகப் புகழ் பெற்றவர். இந்த நோயால் இதயம் கெட்டு 1983-இல் இறந்தார். வயது 32. அவர் இறந்த பிறகுதான் பல நாடுகளில் சாதாரண மக்களுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிந்தது.

மயக்கம் வந்து விழுந்தாலும், நெஞ்சு படபடத்தாலும், தண்ணீர் கூட வேண்டாம் என்றாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

யார் குற்றம்?

அம்மா வளர்த்த விதம்தான் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்! 2019-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்தார்கள். பிறவியிலேயே சிலருக்கு இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் உடல்வாகு இருப்பது தெரிந்தது. அதற்கு மேல் எது வேண்டுமானாலும் தீப்பொறி ஆகலாம். ஒரு கேலிப் பேச்சு, ஒரு சாவு, ஒரு பரீட்சை, வெளியே சொல்ல முடியாத ஒரு கொடுமை. கடைசியாகச் சொன்னது நடந்திருக்கலாம் என்பதால், பெண்ணிடம் தனியாகப் பேசும் மருத்துவரை வீட்டார் தடுக்கக் கூடாது.

மீண்டு வரும் வழி

குணமாகுமா? ஆகும். நோய் வந்தவர்களில் சுமார் பாதிப் பேர் முழுவதும் குணமடைகிறார்கள். இன்னும் பலருக்கு ஓரளவு சரியாகிறது. ஆனால் வருடக்கணக்கில் ஆகலாம்.

மிகவும் இளைத்தவர்களுக்கு ஒரேயடியாக வயிறு முட்ட ஊட்டக் கூடாது. பாசத்தில் செய்வதே ஆபத்தாகும். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று அதிகமாகச் சாப்பிட்டால் இரத்தத்தில் உள்ள உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறும். அதனால் மருத்துவர் பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

இளம் வயதினருக்கு நல்ல பலன் தரும் ஒரு முறை லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. அதில் குற்றம் சாட்டுவது கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஒன்றாக உட்காருகிறார்கள். வேளைக்கு என்ன, எவ்வளவு என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருக்கிறார்கள். திட்டுவதில்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை. உடம்பு தேறத் தேற, சாப்பாட்டுப் பொறுப்பு மெல்ல மெல்ல மகள் கைக்கே திரும்புகிறது. நோய் வந்து சில ஆண்டுகளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

தேறி வரும் நாட்கள்தான் மிகவும் கடினம் என்று குணமானவர்கள் சொல்கிறார்கள். உடம்பு முதலில் தேறுகிறது. மனம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. எடை ஏறும்போது பயமும் ஏறுகிறது. இந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா அன்போடு, "இப்போதான் சதை போட்டு நல்லா இருக்கே" என்பார். அந்தப் பெண்ணின் காதில் "நீ குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும். அடுத்த வேளைச் சாப்பாடு போயிற்று. உடம்பைப் பற்றி நல்லதாகவும் பேச வேண்டாம், கெட்டதாகவும் பேச வேண்டாம். பேச வேறு எவ்வளவோ இருக்கிறது. படிப்பு, ஆடு மாடு, சினிமா, தெருவில் நடந்த சண்டை.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல நிறுவனம் இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் தொலைபேசியில் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்ற இந்த மத்திய அரசு உதவி 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவிலும் பகலிலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசுவார்கள். நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவும் கூப்பிடலாம்.